எப்போதும் மியூட்

பவுடர் சித்தப்பாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. சத்தம்தான் வரவில்லை.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் காது கிளினிக்கைத் திறந்ததும் பரிசோதனை அறைக்குள் போய் ஹெட்ஃபோன்களைத் துடைத்து வைப்பது அவள் வழக்கம். ஒலி புகாத அறை அது. சுவரெல்லாம் பஞ்சு, கனத்த கதவு, இரட்டைக் கண்ணாடி போட்ட ஒரே ஒரு ஜன்னல். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினால் வெளியே இடி விழுந்தாலும் தெரியாது, நாம் எச்சில் விழுங்கும் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். அந்த ஜன்னல் வழியாகத்தான் சித்தப்பா தெரிந்தார். தோளில் தொங்கும் பை, மூட்டுவலிக்கும் முடி உதிர்வதற்கும் ஒரே டப்பாவில் வழி சொல்லி அவர் விற்கும் பவுடர், நிற்காத வாய். நல்லவேளை கண்ணாடி இருக்கிறது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே வயரைச் சுருட்டினாள்.

சுருட்டி முடித்துத் திரும்பியபோதுதான் பார்த்தாள். அறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது.

வரவேற்பறை மின்விசிறி கடகடப்பது கேட்டது. தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்ப்பது கேட்டது. காதுக்கருவிக்கு அளவெடுத்து அச்சு வார்த்துத் தரும் அச்சு அண்ணன் உள்ளறையில் ஏதோ பாட்டை முணுமுணுப்பதுகூடக் கேட்டது. சித்தப்பா டப்பாவை மேஜையில் வைத்தபோது 'டொக்' என்றது. அவர் குரல் மட்டும் இல்லை.

"என்ன சித்தப்பா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றாள்.

அவர் நின்றார். அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்துவிட்டு மறுபடி பேச ஆரம்பித்தார். அந்தச் சிரிப்புக்கும் சத்தமில்லை.

அவர் போனதும் அச்சு அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "யப்பா, என்ன தொண்டைங்க அது. உள்ள வரைக்கும் காது கிழியுது. அவருக்கு மொதல்ல ஒரு வால்யூம் பட்டன் வெக்கணும் மேடம்."

அவருக்குக் காது கிழிகிறதாம், தனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ஆனாலும் சிரித்துவைத்தாள்.

அவளை அந்தத் தெருவே காது டாக்டரம்மா என்றுதான் கூப்பிடும். டாக்டர் இல்லை. காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து, தேவையானவர்களுக்குக் கருவி பொருத்தி விடுகிறவள். இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டாள். நாள் முழுக்க மற்றவர்கள் காதுக்குள் மெல்லிசான சத்தங்களை அனுப்புகிற அவளுக்குத் தன்னுடைய காதுக்கு ஒரு நிமிஷ ஓய்வு கிடையாது என்பதுதான் வேடிக்கை. காலையில் கண் விழிப்பதே போன் அதிர்கிற அதிர்வில். சொந்தக்காரர்கள் குரூப்பில் பூங்கொத்துப் படங்கள், பவுடர் சித்தப்பாவின் நீளமான வாய்ஸ் மெசேஜ்கள், மேல்மாடி அக்காவின் தண்ணீர்க் குழாய்ப் புகார்கள், மகள் வகுப்புப் பெற்றோர் குரூப்பில் 'என் பையனோட பாட்டில் யாராவது பார்த்தீங்களா' என்று ஒருவர் கேட்க, 'இல்லை', 'இல்லைங்க', 'இங்கயும் இல்லை' என்று மொத்த வகுப்பும் வரிசையாக ஒப்பித்த பதில்கள். இதற்கு நடுவே ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் சுண்டு, வீட்டில் கிடக்கும் பழைய டேப்லெட்டிலிருந்து ஆடுகிற கரடிகளையும் 'அம்மா எப்ப வருவ' வையும் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டே இருப்பாள்.

குரூப்பைவிட்டு வெளியேறலாம்தான். வெளியேறினால் 'இன்னார் வெளியேறினார்' என்று எல்லாருக்கும் தண்டோரா போட்டுவிடும். அப்புறம் அடுத்த விசேஷத்துக்கு யார் முகத்தில் முழிப்பது? பிளாக் செய்தால் அதைவிட வம்பு. உறவும் கெடக் கூடாது, தொல்லையும் வேண்டாம் என்கிறவர்களுக்கு இருக்கிற ஒரே வழி மியூட். முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து அந்த வேலையை முடித்தாள். முதலில் பவுடர் சித்தப்பா. எட்டு மணி நேரமா, ஒரு வாரமா, எப்போதுமா என்று கேட்டது. எப்போதும். அடுத்து மேல்மாடி அக்கா. எப்போதும். அடுத்து வகுப்புக் குரூப். எப்போதும். கடைசியாகச் சுண்டு. அங்கே மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது. ஆனால் போன வாரம் ஒரு பெரியவருக்குச் சோதனை நடக்கும்போது கரடி வந்து டிங் டிங் என்று குதித்ததில் ஆரம்பத்திலிருந்து மறுபடி செய்ய வேண்டியதாகிவிட்டது. வேலை நேரத்துக்கு மட்டும்தானே, சாயங்காலம் மாற்றிவிடலாம் என்று அதையும் அழுத்தினாள். எப்போதும்.

அழுத்தியதும் வீடே ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. அன்று முழுக்க அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். சாயங்காலம் மாற்ற மறந்தும் போனாள்.

திங்கட்கிழமை சித்தப்பா. அன்று மாலையே படிக்கட்டில் மேல்மாடி அக்கா.

அக்கா அவளை வழிமறித்து நின்று, ஈரக் கையை ஆட்டி ஆட்டி, மேலே காட்டி, கீழே காட்டி எதையோ சொன்னாள். வளையல் குலுங்கியது. செருப்பு தரையில் உரசியது. அக்கா மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. குரல் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருந்தது. ரொம்பத் தாழ்வான, ஒரே மாதிரியான முனகல். அடுத்த வீட்டு ஃபிரிட்ஜ் ஓடுவது சுவர் வழியாகக் கேட்குமே, கிட்டத்தட்ட அப்படி. அவள் "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் ஓடிவந்து கதவைச் சாத்தினாள்.

காது இரைச்சல், அவ்வளவுதான். எத்தனை பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள். தூக்கம் போதவில்லை என்றால் வரும், கவலைப்பட்டால் வரும், காபி அதிகமானாலும் வரும். ஆனால் ஒரு மனிதரின் குரலை மட்டும் கச்சிதமாக வெட்டி எடுத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் வளையலை அப்படியே விட்டுவைக்கும் செவிட்டுத்தனம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

மறுநாள் சுண்டுவை அழைத்துவரப் போய், பள்ளிக்கூட வாசலில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள். தினமும் சந்தைக்கடையாக இருக்கும் இடம். பெற்றோர்கள் வழக்கம்போலக் கூட்டம் கூட்டமாக நின்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. மணி அடித்தது கேட்டது. ஒரு பெற்றோரின் குரல்கூடக் கேட்கவில்லை. அத்தனை வாய்களும் திறந்து திறந்து மூடின. அந்த முனகல் மட்டும் நேற்றைவிடப் பக்கத்தில் வந்திருந்தது. அதற்கு இப்போது ஏற்ற இறக்கம் இருந்தது. தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு ஒருவர் பேசினால் எப்படி இருக்கும், அப்படி.

சித்தப்பா, அக்கா, வகுப்புக் குரூப். அவள் மியூட் செய்த அதே வரிசை.

அங்கேயே, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போனை எடுத்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றினாள். அடுத்த நொடியே போன் துள்ளத் தொடங்கியது. பூங்கொத்து, பாட்டில், குழாய், பவுடர். சித்தப்பாவின் வாய்ஸ் மெசேஜ் ஒன்றை அழுத்திக் காதில் வைத்தாள். எடுத்துப் பார்த்தால், திரையில் கோடுகள் ஏறி இறங்கின. நேரம் ஓடியது. உள்ளே யாருமே பேசவில்லை. முனகல்தான் இருந்தது.

சுண்டுவை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். "ஏம்மா, மூச்சு முட்டுது, விடு" என்றாள் சுண்டு. அந்தக் குரல் கேட்டதில் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

கணவன் வீட்டிலேயே உட்கார்ந்து கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவன். அன்று மாலை அவள் உள்ளே நுழைந்ததும் நாற்காலியைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஏதோ கேட்டான்.

உதடு மட்டும்.

வகுப்புக் குரூப்பில் அவனும் இருக்கிறான். அவள்தான் போன வருஷம் அடம்பிடித்துச் சேர்த்துவிட்டாள், எல்லாவற்றையும் நானே பார்க்க முடியாது, நீங்களும் இருங்கள் என்று. அந்த ஞாபகம் இப்போதுதான் வந்தது. அவன் எழுந்துவந்து தோளைத் தொட்டான், பேசினான், குரலை உயர்த்தினான் என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது. கடைசியில் கோபித்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய் அங்கிருந்து மெசேஜ் அனுப்பினான். 'என் மேல என்ன கோபம்? ஏன் பதில் சொல்ல மாட்டேங்குற?'

'காதுல ஏதோ கோளாறு. நாளைக்கு டெஸ்ட் பண்றேன்' என்று அனுப்பினாள். அதற்குமேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அன்று சுண்டு தூங்கும்வரை அவள் பக்கத்திலேயே படுத்திருந்தாள். சுண்டு பள்ளியில் நடந்த கதையெல்லாம் சொன்னாள். அவள் பேசும்போது முனகல் அடங்கியது. நிறுத்தினால் மேலே வந்தது. சுண்டு தூங்கிய பிறகு ஒன்று கவனித்தாள். முனகல் தொடர்ந்து ஓடவில்லை. கொஞ்ச நேரம் ஒலித்தது, முடிவில் லேசாக மேலே ஏறியது, நின்றது. காத்திருந்தது. மறுபடி முதலிலிருந்து.

கேள்வி கேட்பது போல.

புதன்கிழமை வந்தவர்களையெல்லாம் வேறு நாள் வரச் சொல்லிவிட்டு, பரிசோதனை அறைக்குள் தானே போய் உட்கார்ந்தாள். வெளியே கருவிக்கு முன்னால் அச்சு அண்ணன். எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்தவர், சோதனை செய்யத் தெரியும்.

"எதுக்கு மேடம் இதெல்லாம், உங்க காதுக்கு என்ன" என்றார் ஹெட்ஃபோனில். அவர் குரல் நன்றாகக் கேட்டது. அவரை அவள் மியூட் செய்யவில்லை.

"சும்மா பாருங்கண்ணே."

வருகிறவர்களிடம் தினமும் அவள் சொல்வது ஒன்றுதான். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள். ரொம்ப லேசாகக் கேட்டாலும் அழுத்துங்கள். கேட்ட மாதிரி இருந்தாலே போதும், யோசிக்காமல் அழுத்துங்கள். சொல்லிச் சொல்லி அவளுக்கே அது ஊறிப்போயிருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். தூரத்தில் ஒரு மெல்லிய 'பீப்'. அழுத்தினாள். இன்னொன்று. அழுத்தினாள். அப்புறம் அந்த முனகல் வந்தது, மேலே ஏறியது, நின்றது. ஏதோ கேட்ட மாதிரி இருந்தது. அழுத்தினாள். மறுபடி வந்தது. மறுபடி அழுத்தினாள்.

கதவைத் திறந்துகொண்டு அச்சு அண்ணன் எட்டிப் பார்த்தார். முகம் சரியாக இல்லை.

"காது சுத்தமா இருக்கு மேடம், சின்னப் பிள்ளைங்க காது மாதிரி. ஆனா நீங்க சும்மா சும்மா அழுத்துறீங்க."

"எப்ப?"

"நான் ஒண்ணுமே அனுப்பாதப்ப. மத்தவங்களும் தப்பா அழுத்துவாங்கதான், ஆனா அது தாறுமாறா இருக்கும். உங்களுது அப்படி இல்ல." தலையைச் சொறிந்தார். "யாரோ உங்ககிட்ட ஏதோ கேக்கறாங்க, நீங்க ஆமாம் ஆமாம்னு சொல்லிட்டே இருக்கற மாதிரி இருக்கு. என்னவோ போங்க, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

அவள் பட்டனைக் கீழே வைத்தாள். வைத்த பிறகும் கை அதைத் தேடியது.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. ஒரு காதை மட்டும் சோதிக்க வேண்டுமென்றால் அடுத்த காதில் சரசரவென்று ஒரு இரைச்சலைப் போட்டுவிடுவார்கள். மாஸ்கிங் என்று பெயர். கேட்கக் கூடாததைக் கேட்கவிடாமல் மூடி மறைக்கிற சத்தம். இத்தனை வருஷமும் அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசிய குரல்கள், பவுடரும் பாட்டிலும் குழாயும் கரடியும், எல்லாம் அதைத்தான் செய்துகொண்டிருந்தன. அடியில் அந்த முனகல் எப்போதும் இருந்திருக்கிறது. அவள்தான் ஒவ்வொரு போர்வையாக உருவிப் போட்டிருக்கிறாள்.

மியூட் செய்ததில் இன்னும் ஒன்றுதான் மிச்சம். சுண்டு.

வீட்டுக்குள் நுழைந்தபோது வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. பால்கனிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். டிவியைச் சத்தமாக வைத்தாள், அது ஒன்றுக்கும் உதவவில்லை. டிவியில் இருப்பவர்கள் அவளிடமா பேசுகிறார்கள்? சுண்டுவைப் படுக்கையில் உட்காரவைத்து, தான் எதிரே தரையில் உட்கார்ந்து, அவளது இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட பேசு."

"என்ன பேசறது?"

"என்ன வேணா. இன்னைக்கு யார் பக்கத்துல உக்காந்த, யார் அடிச்சாங்க, யார் அழுதாங்க. நிறுத்தாமப் பேசு செல்லம்."

சுண்டுவுக்குக் குஷியாகிவிட்டது. வீட்டில் யாரும் அவளிடம் இதைச் சொன்னதே இல்லை. வாயை மூடு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ரப்பர் தொலைந்த கதை, முயலுக்கு மீசை வரைந்த கதை, டீச்சர் தும்மிய கதை என்று அடித்துவிட்டாள். இவள் அந்தக் குரலை, அதில் இருந்த லேசான மழலையை, மூக்கடைப்பை, நடுவில் மூச்சு வாங்குவதைக் குடிப்பது போலக் கேட்டாள். இவ்வளவு அழகான சத்தத்தையா தொல்லை என்று நினைத்தோம் என்று நெஞ்சு வலித்தது.

கதை தீர்ந்தது. எண்ணச் சொன்னாள். சுண்டு எண்ணினாள். பாட்டு பாடச் சொன்னாள். பாடினாள்.

"அம்மா, தூக்கம் வருது."

"தூங்கக் கூடாது. இன்னும் ஒரு கதை."

"தொண்டை வலிக்குதும்மா."

"தண்ணி குடி. குடிச்சிட்டுப் பேசு."

கணவன் வந்தான். உதடுகள் வேகமாக அசைந்தன. என்ன சொல்கிறான் என்று புரிந்தது. குழந்தையை என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்கிறான். குழந்தை சாப்பிட வேண்டாமா என்கிறான். இப்போது வேண்டாம் என்று அவள் தலையை அசைத்தாள். அவன் சமையலறைக்குப் போனான்.

சுண்டு அழ ஆரம்பித்தாள். அழுகையும் சத்தம்தான். அவள் வெட்கம்கெட்டுப்போய் அதற்கும் நிம்மதிப்பட்டாள்.

"அப்புறம் அந்த முயல் என்ன ஆச்சு?"

"முயல்..." சுண்டு விசும்பினாள். "முயல் வீட்டுக்குப் போச்சு. அங்க அம்மா முயல்..."

உதடுகள் அசைந்தன.

அசைந்தன.

அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். "சத்தமா. சத்தமாச் சொல்லு."

சுண்டுவின் வாய் பெரிதாகத் திறந்தது. தொண்டை புடைத்தது. கண்ணீர் வழிந்தது. ஒன்றுமில்லை.

மின்விசிறி சுற்றும் சத்தம். டிவி. சமையலறையில் பாத்திரம். பிறகு, எல்லாவற்றுக்கும் மேலே, காதுக்கு ரொம்ப அருகில், துடைத்துவைத்த மாதிரி சுத்தமாக.

ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். மிகவும் மரியாதையான குரல்.

"உள்ள வரட்டுமா?"

நிறுத்தம். காத்திருப்பு.

இந்த நிறுத்தத்தில்தான் அவள் ஆமாம் என்று பட்டனை அழுத்தியிருக்கிறாள். மறுபடி மறுபடி. யோசிக்காமல்.

"வேண்டாம்" என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

சுண்டு அழுகையை நிறுத்தினாள். அவள் பார்வை அம்மாவை விட்டு நகர்ந்தது. அம்மாவின் தோளுக்குப் பின்னால், பால்கனிப் பக்கம்.

அறை வாசலில் கணவன், கையில் தட்டு. அவனும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டு விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டது. அவன் வாய் திறந்தது. ஒரு காலைப் பின்னால் வைத்தான். இன்னொன்றையும்.

தாழ் விலகும் சத்தம்.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பிடரியில் ஈரக் காற்று. சுண்டு ஏதோ சொன்னாள். திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள். அம்மா என்பது மட்டும் உதட்டில் தெரிந்தது. அதற்குப் பிறகு வருவது தெரியவில்லை.

சுண்டு தன் கையை அவள் பிடியிலிருந்து உருவிக்கொண்டாள். விரலை நீட்டினாள். முதலில் தூரத்தில், பால்கனிக் கதவை. பிறகு விரல் மெல்ல நகர்ந்தது. கொஞ்சம் கீழே. கொஞ்சம் கிட்டே. அவள் தோளுக்கு மேலே வந்தது. கழுத்துக்கு வந்தது.

பிறகு நேராக அவள் முகத்தைக் காட்டியபடி நின்றது. நகரவில்லை.